உப்பளத்தில் எல்லோருக்கும் முப்பத்தெட்டு வயது

அருள்,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் போன் வந்தது. "அம்மா, புதுச் சட்டம் வந்திருச்சு. இனிமே ஆளு வெச்சு வேலை வாங்குறதே தலைவலி. மொத்தமா ஒரு காண்ட்ராக்டர் கையில குடுத்துட்டா அவன் பார்த்துக்குவான், நாம உப்பை மட்டும் எடுத்துக்கலாம்" என்றாய். நான் "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் பார்ப்போம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. உனக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. ஈஸ்டர் முடிந்ததும் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நம் உப்பளத்தை நீயே எடுத்து நடத்தப் போகிறாய். அதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். போனில் பேசினால் எனக்குக் கோபம் வரும், உனக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் பூசணிக்காய் பூசணிக்காயாக இருக்கிறதே, வரி மேலேயும் கீழேயும் போகிறதே என்று சிரிக்காதே. காரணத்தையும் இதிலேயே சொல்கிறேன். உன்னைப்போல் புதிதாக முதலாளி ஆகப்போகிற பிள்ளைகள் வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சட்டத்தைக் கண்டு முதலில் பயந்தவள் நான்தான். போன மழைக்காலத்தில் பாத்திகளெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தபோது, பழைய தொழிலாளர் சட்டங்கள் இருபத்தொன்பதையும் நான்கு தொகுப்புகளாக மாற்றி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். மழை விட்டதும் பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் நம் ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தேன். அந்த மனுஷன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பதறாதீங்கம்மா. ஸ்டேட் ரூல்ஸ் எல்லாம் முழுசா வரணும். எத்தினி பேர் இருந்தா எது பொருந்தும்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனா ரெண்டு விஷயத்த இப்பவே பண்ணிடுங்க. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுத்துடுங்க. நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு வருஷா வருஷம் நம்ம செலவுல மெடிக்கல் செக்கப் பண்ணிடுங்க." இவ்வளவுதானா என்று நிம்மதியாகத் திரும்பி வந்தேன். அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு என்று அப்போது தெரியாது.

முதல் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். நம் உப்பளத்தில் ஆள் எடுப்பது எப்படி என்று நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். ஜோடியாகத்தான் எடுப்போம். புருஷன் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பான், பெண்டாட்டி அதைக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள். மேஸ்திரி ஏழுமலை வாயில் புருஷன் பெயர் மட்டும்தான் வரும். அவளுக்கு "அவன் வூட்டுக்காரி" என்பதுதான் பெயர். இந்தத் தடவை ஆர்டர் அடித்துக்கொண்டு வந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பாதிப் பெண்கள் எழுந்திருக்கவே இல்லை. கூப்பிடுவது தங்களைத்தான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒருவன் எழுந்து வந்து, "குடும்மா, ரெண்டையும் நானே வாங்கிக்கிறேன்" என்று கை நீட்டினான். பின்னாலிருந்து அவன் பெண்டாட்டி, "என் பேரை நீ எதுக்குய்யா வாங்குற?" என்று அதட்டிவிட்டு வந்து வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல சிரிப்பு.

அந்தச் சிரிப்பெல்லாம் அடுத்த வாரம் செக்கப்புக்காக ஒவ்வொருவர் வயதையும் கேட்க ஆரம்பித்தபோது நின்றுபோனது. முதலில் பிரம்மதேசத்திலிருந்து வரும் அஞ்சலையைக் கேட்டேன். அவளை உனக்கு நன்றாகத் தெரியும், சுமக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி மாதிரி. சர்ச்சில் உன் முதல் நன்மை விழாவுக்குப் பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தவள். "முப்பத்தெட்டு" என்றாள். நான் எழுதிக்கொண்டேன். அடுத்தவளும் முப்பத்தெட்டு. அவள் புருஷனும் முப்பத்தெட்டு. தாடி முழுக்க நரைத்துப்போன ஒரு ஆள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு முப்பத்தேழுதான் ஆவுது" என்றான். எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி அஞ்சலை, உன் பொண்ணு புள்ள பெத்து அது ஸ்கூலுக்குப் போவுது. உனக்கு முப்பத்தெட்டா?" என்று கேட்டேன். அவள் முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. "எங்கள்ல சின்ன வயசுலயே கட்டிக் குடுத்துடுவாங்க யக்கா" என்றாள். ஆதாரைக் கொண்டு வாருங்கள் என்றால், ஒருவர் ஆதாரை எலி கடித்துவிட்டது, இன்னொருவர் ஆதார் மச்சான் வீட்டில் இருக்கிறது, மீதிப் பேருடையது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, எங்கே என்றுதான் ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் கூலியில் ஒரு ரூபாய் ஏமாற்றாத சனங்கள் கூட்டமாக நின்று என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறார்களே என்று எனக்கு மனசு விட்டுப்போனது.

சாயங்காலம் ஏழுமலையைத் தனியாகப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "இதுல உன்னைச் சொல்லிக் குத்தமில்லம்மா. முன்ன வேற ஒரு அளத்துல டாக்டரக் கூட்டியாந்து கண்ணு, பிரஷர் எல்லாம் பார்த்தாங்க. நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க. அடுத்த சீசனுக்குப் போனா, கண்ணு மங்கினவங்க, பிரஷர் இருந்தவங்க யாருக்கும் வேலை இல்லன்னுட்டாங்க. இப்போ கவர்மென்டே நாப்பதுன்னு கோடு போட்டிருக்குதுன்னதும், அதுக்கு மேல இருக்கறவங்கள கழிச்சி உடத்தான்னு ஊர் பூராப் பேச்சு." நான் மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்து, இது உங்கள் நல்லதுக்காக வந்த சட்டம், நான் யாரையும் அனுப்பமாட்டேன் என்று சொன்னேன். எல்லோரும் அழகாகத் தலையாட்டினார்கள். வயதைக் கேட்டேன். மறுபடியும் முப்பத்தெட்டு.

அருள், நீ அலுவலகத்தில் சட்டத்தைப் படித்தவன். அதில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நல்ல சட்டம் ஒன்று வந்தால் அதை முதலில் சந்தேகப்படுவது அது யாருக்காக வந்ததோ அவர்கள்தான். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்லது செய்கிறோம் என்று வந்தவர்களிடம் ஒரு தடவை சூடு பட்டவர்கள் அவர்கள். உன் அப்பாவையே எடுத்துக்கொள். அவருக்கு நெஞ்சு வலித்தது எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் வாயுத் தொல்லை என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருந்தார்! மழை வரப்போகிறது, அம்பாரத்துக்கு ஓலை போட்டு முடிக்காமல் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் யார் பார்ப்பது என்ற பயம். ஓலை போட்டு முடித்தார். ஒரு அம்பாரமும் நனையவில்லை. அவர்தான் இல்லை. அந்த உப்பை விற்ற அன்று நான் அழுத அழுகை உனக்கு ஞாபகம் இருக்கும். வேலை போய்விடும் என்ற பயத்தில் உடம்பை மறைப்பது முதலாளிக்கும் உண்டு, கூலிக்கும் உண்டு. அந்த வருத்தம் எனக்குள் இருந்ததால்தான் இவர்கள் பொய் சொல்லியும் நான் விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி டாக்டரம்மாவை வரவழைத்தேன்.

போன வாரம் செக்கப் நடந்தது. ஓலைக் கொட்டகையில் மேசை, நாற்காலி, பிரஷர் பார்க்கிற மெஷின், கம்பத்தில் கண் பார்க்கிற அட்டை என்று எல்லாம் தயார். டாக்டரம்மா உன் வயதுதான் இருக்கும், கூட ஒரு நர்ஸ். நம் சனங்களும் வந்தார்கள். வந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரும் நாற்காலிக்கு வரவில்லை. எல்லோருக்கும்தான் முப்பத்தெட்டு ஆயிற்றே, அவர்களுக்கு எதற்குச் செக்கப்? டாக்டரம்மா என்னைப் பார்க்கிறாள், நான் ஏழுமலையைப் பார்க்கிறேன், அவன் வானத்தைப் பார்க்கிறான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறு என்று போய் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். வரப்புவரைக்கும் கேட்கட்டும் என்று, "எனக்கு அம்பத்தெட்டு வயசு. எழுதிக்கோங்க டாக்டர்" என்று சத்தமாகச் சொன்னேன். பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், இரண்டும் பரவாயில்லை. எனக்கு ஒரே பெருமை. அதோடு எழுந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"கண்ணையும் பார்த்துடலாம்மா" என்றாள் நர்ஸ். இப்போது உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வருஷத்திலிருந்தே என் கண்கள் இரண்டிலும் வெள்ளைத்துணி போர்த்திய மாதிரி இருக்கிறது, வலது கண்ணில் அதிகம். உப்பு நன்றாக விளைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற மாதிரி நின்றுவிட்டு, குனிந்து கையில் அள்ளிப் பார்த்துத்தான் சொல்வேன். அம்மா எவ்வளவு அக்கறையாகத் தொட்டுப் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். போன தடவை நீ வந்திருந்தபோது செய்தித்தாளைப் படித்துக்காட்டச் சொன்னேனே, அது உன் குரலைக் கேட்க ஆசைப்பட்டு என்று நினைத்துக்கொண்டாய். அதுவும் கொஞ்சம் உண்மைதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆறாம் வகுப்பில் செய்த தில்லுமுல்லு ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூலில் கண் பரிசோதனைக்கு வந்தபோது, முன்னால் போன பையன்கள் படித்ததைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்தாய். கண்ணாடி போட்டால் கபடி டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். டீச்சர் கண்டுபிடித்துச் சொல்லி, வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு வாங்கிக்கொண்டாய். அதே வேலையைத்தான் இந்த ஐம்பத்தெட்டு வயதில் உன் அம்மா செய்தாள். அட்டையை மாட்டும்போது நர்ஸ் டாக்டரம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினாள். காது எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. கடகடவென்று ஒப்பித்தேன்.

அந்த நர்ஸ் லேசுப்பட்டவள் இல்லை. நேராகப் போய் அட்டையைத் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் வேறு எழுத்து. "இப்போ படிங்கம்மா" என்றாள். நான் முழித்தேன். மேலே ஒரு பெரிய கறுப்புத் திட்டு தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைதான். எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அப்போது வரப்பிலிருந்து அஞ்சலை குரல் கொடுத்தாள்:

"யக்கா, உனக்கும் முப்பத்தெட்டுதானா?"

அவ்வளவுதான். வரப்பே சிரித்தது. தாடிக்கார முப்பத்தேழு விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் எனக்கு அழுகைதான் வந்தது, அப்புறம் அடக்கமாட்டாமல் நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் எதற்குப் பொய் சொன்னார்களோ அதற்குத்தான் நானும் சொல்லியிருக்கிறேன். கண் தெரியவில்லை என்று உனக்குத் தெரிந்தால், "போதும்மா, இனிமே வீட்ல உக்காரு" என்று சொல்லிவிடுவாய். பாசத்தில்தான் சொல்வாய். எனக்கு அந்தப் பாசத்தைக் கண்டுதான் பயம். பாத்தியை ஒருநாள் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உன் அப்பா போன பிறகு என்னை எழுந்து நிற்க வைத்தது இந்த இடம்தான்.

அதனால் எல்லோர் முன்னாலும் டாக்டரம்மாவிடம் வாய் விட்டுக் கேட்டேன். "நான் வேலைய உட்டுடணுமா டாக்டர்?" அவள் விநோதமாகப் பார்த்தாள். "புரை வந்திருக்குதும்மா. ஆபரேஷன் பண்ணிக்கோங்க, வெயில்ல கறுப்புக் கண்ணாடி போடுங்க. வேலைய விடச் சொல்லி யாரு சொன்னா?" என்றாள். வரப்பில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை புடவைமேல் போட்டிருந்த சட்டையை உதறிவிட்டு எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வயது என்ன என்று நர்ஸ் கேட்டதற்கு, "அம்பதுன்னு போடு. மேல ரெண்டு மூணு இருந்தாலும் இருக்கும்" என்றாள். பிரஷர் மெஷினைப் பார்த்த டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இரண்டாவது தடவையும் பார்த்தாள். "இவ்ளோ பிரஷர வெச்சிக்கிட்டு தலையில சுமை தூக்குறீங்களா? மாத்திரை எழுதித் தர்றேன், தெனம் போடணும். நான் மறுபடி பார்த்துச் சொல்ற வரைக்கும் சுமை தூக்கவே கூடாது" என்றாள்.

அஞ்சலை டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"இப்போ சொல்லு யக்கா. நாளைக்கு நான் வரலாமா?"

"வா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான், சுமக்காத ஆளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று திகைத்தேன். ஏழுமலை என் காதருகில் வந்து, "ஜோடி உடைஞ்சிடும்மா. அவளுக்குப் பதிலா யாரு சுமக்கறது?" என்று முணுமுணுத்தான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அஞ்சலையின் புருஷன் வாருவதைச் சுமக்க அனுமந்தையிலிருந்து வருகிற ஒரு பெண்ணைச் சேர்த்தேன். அஞ்சலை இப்போது மதகைத் திறந்து மூடுகிறாள், ஓலை அடுக்குகிறாள், மற்ற நேரத்தில் எல்லோரையும் அதட்டுகிறாள். கூலியைக் குறைக்கவில்லை. எனக்குக் கூடுதல் செலவுதான், மறைக்கவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்த பிறகு வரப்பிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து உட்கார்ந்தார்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் நிஜ வயது திரும்பி வந்தது. தாடிக்காரன் கடைசியாக வந்து, "அறுபத்தொண்ணு" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், தவக்காலத்தில் அட்டையைப் பார்த்துப் பொய் படித்தேன் சாமி என்றேன். பங்குச் சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது உன் காண்ட்ராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். காண்ட்ராக்டருக்கு விட்டால் எந்தெந்தப் பொறுப்பு நம் தலையில் நிற்கும், எது அவன் தலைக்குப் போகும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள். அது எனக்குச் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. நான் அஞ்சலையிடம் சொன்ன அந்த வார்த்தையைக் காண்ட்ராக்டர் கையில் எழுதிக்கொடுக்க முடியாது. அவன் முதல் நாளே வந்து ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்ப்பான். மறுநாள் நம் உப்பளத்தில் திரும்பவும் எல்லோருக்கும் முப்பத்தெட்டு வயது ஆகிவிடும். பிரஷர் மாத்திரையை அஞ்சலை ஒளித்துவைத்துக்கொள்வாள். ஒருநாள் வெயிலில் சுமையோடு விழுவாள். ஓலை போட்டு முடித்துவிட்டுப் போன ஒரு ஆளைப் பறிகொடுத்த வீடு நம்முடையது, அருள். இன்னொரு வீட்டில் அது நடக்க நாம் காரணமாக இருக்க வேண்டாம்.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீ நன்றாக நடத்துவாய் என்று எனக்குத் தெரியும். ஆர்டர் கொடு, கணக்கை ஒழுங்காக வை, கொட்டகைக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டு, அதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், அது என் தப்பு. சட்டம் கேட்பதையெல்லாம் செய். ஆனால் அதெல்லாம் செய்து முடித்த பிறகும் ஒரு ஆள் உன் எதிரில் வந்து நின்று உன் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு நீ சொல்கிற பதிலை வைத்துத்தான் அந்தக் காகிதங்களையெல்லாம் நம்பலாமா வேண்டாமா என்று சனங்கள் முடிவு செய்வார்கள். எனக்கே இது போன வாரம்தான் புரிந்தது. இந்தக் கடிதத்தில் தன் பெயரை எழுதலாமா என்று அஞ்சலையிடம் கேட்டேன். "எழுது. ஆனா வயச மட்டும் கொறச்சிப் போடு" என்றாள். நான் குறைக்கவில்லை.

பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். நீ என்கூட வர வேண்டும். பணத்துக்காகச் சொல்லவில்லை, தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. நீ உப்பளத்தை எடுத்துக்கொண்ட பிறகு எனக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வேண்டும். விளையாட்டில்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன். என் பெயரைப் போடு, ஐம்பத்தெட்டு வயது என்று போடு, என்ன வேலை என்று நீயே முடிவு செய்து எழுது. கொஞ்ச நாள் தூசி படக்கூடாது, குனியக்கூடாது, வெயிலில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்வார். அதையெல்லாம் கேட்கிறேன். அவர் போகலாம் என்று சொன்ன மறுநாள் காலையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து வந்து உன் எதிரில் நிற்பேன். அஞ்சலை என்னைக் கேட்ட கேள்வியைத்தான் உன்னைக் கேட்கப்போகிறேன். பதில் ஒரே எழுத்துதான். அதைச் சொல்ல ஆடிட்டர் வேண்டாம்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா